கழுத்து நாடியில் நாற்பது பங்கு அடைப்பு

பாரிசவாதம் என்னும் சொல் நம் இல்லங்களில் எல்லாம் அச்சத்தை விளைவிக்கும் சொல்லாகும். நேற்று மாலை வரை தோட்டத்துக்கு நீர் இறைத்தவர், இன்று காலை ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்து, பேச்சுங் குழறிப் படுக்கையிற் கிடக்கும் நிலையைக் கண்டிராத ஊர் அரிது. இந்நோய் வானத்து இடிபோல முன்னறிவிப்பின்றி வருவது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அது வெளிப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே பலருடைய உடலில் அதற்கான ஆயத்தங்கள் நடைபெறத் தொடங்கிவிடுகின்றன. அவை நடைபெறும் இடங்களுள் ஒன்று நமது கழுத்து.

இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் மாணவி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். அதிற் காணப்படும் வினா இது: “அம்மப்பாவின் கழுத்தை ஸ்கான் செய்து பார்த்ததில் நூற்றுக்கு 40 பங்கு அடைப்பு உண்டு என்று கூறினார்கள். மீதி 60 பங்கு திறந்திருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்கிறார் மாமா. உடனே சத்திரசிகிச்சை செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டார்களே என்று அம்மா கவலைப்படுகிறார். இருவரில் யார் கூறுவது சரி?”

நாம் வைத்தியர் அல்லோம். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். ஆதலின் அம்முதியவருக்குரிய சிகிச்சை எது என்று கூற முற்படமாட்டோம். அதனை அவருடைய வைத்தியரே கூறுதல் வேண்டும். ஆனால் 40 பங்கு என்னும் அந்த எண் எதனை உரைக்கிறது, எதனை உரைக்காது விடுகிறது என்பதை ஆராய்தல் நம்மால் இயலும். அவ்வாராய்ச்சி இன்றைய விஞ்ஞானத்தின் சுவைமிக்க ஒரு பகுதிக்கு நம்மை இட்டுச்செல்லும்.

மூளைக்குச் செல்லும் வழி

தாடையெலும்பின் கீழே, குரல்வளையின் ஒரு பக்கத்தில் இரு விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்புப் புலப்படும். அதுவே கழுத்து நாடி. இரு பக்கங்களையும் ஒருங்கே அழுத்துதல் மட்டும் ஆகாது. மேனாட்டு வைத்திய நூல்கள் இதனைக் கரோட்டிட் நாடி என வழங்குகின்றன. ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயர் பிறந்தது. இந்நாடிகளை அழுத்தினால் மனிதன் மயங்கி வீழ்வான் எனப் பண்டைக் கிரேக்கர் கொண்டிருந்தமையே அதற்குக் காரணம்.

வலப்பக்கத்தில் ஒன்றும் இடப்பக்கத்தில் ஒன்றுமாக மேலேறும் இந்நாடிகள், குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தை அடைந்ததும் ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கின்றன. வெளிக்கிளை முகத்துக்கும் தலையின் புறப்பகுதிகளுக்கும் செல்கிறது. உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் குருதியைக் கொண்டு செல்கிறது. மூளையின் நிறை நமது உடல் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே. ஆயினும் நாம் ஓய்ந்திருக்கும் வேளையில் உடல் செலவிடும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இத்துணைப் பெருந்தேவையுடைய உறுப்புக்குக் குருதி சிறிது நேரம் தடைப்படினும் கேடு விளையும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இயற்கை இதற்கு ஒரு காப்பும் செய்து வைத்திருக்கிறது. 1664ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரத்து வைத்தியர் தோமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டன் சென்ற் போல்ஸ் பேராலயத்தைக் கட்டிப் புகழ்பெற்ற கிறிஸ்தோபர் ரென். மூளையின் அடியில் நாடிகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருப்பதை வில்லிஸ் அந்நூலில் விளக்கினார். ஒருபக்கக் கழுத்து நாடி அடைபட்டிருந்தும் பாரிசவாதம் காணாது வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் எழுதினார். ஒரு வாய்க்கால் தூர்ந்தால் மற்றொரு வாய்க்காலால் வயலுக்கு நீர் பாய்வது போன்றது இது. ஆனால் இவ்வளையம் எல்லோரிடத்தும் குறைவின்றி அமைவதில்லை. ஆகவே ஒருவர் தாங்கிக்கொள்ளும் அடைப்பை இன்னொருவர் தாங்கமாட்டார். 40 என்னும் எண் உரைக்காது விடும் செய்திகளுள் இது முதலாவது.

படிவு உண்டாகும் முறை

நாடியின் உட்சுவரில் உண்டாகும் இந்நோய்க்கு இன்று வழங்கும் மேனாட்டுப் பெயரை 1904இல் ஜெர்மானிய அறிஞர் மார்ஷண்ட் என்பவர் அமைத்தார். கூழ் என்னும் பொருளுடைய ஒரு கிரேக்கச் சொல்லையும் கடினமாதல் என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். மிகப் பொருத்தமான பெயர். ஏனெனில், இப்படிவை அறுத்துப் பார்த்தால் உள்ளே கூழ்போன்ற கொழுப்புப் பொருளும், அதனைச் சூழ்ந்து நாரினாலும் கல்சியத்தினாலும் இறுகிய பகுதியும் காணப்படும்.

1913இல் இரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் வைத்தியர், கொலஸ்தரோலைச் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் நாடிகளில் மனிதருக்கு உண்டாவது போன்ற படிவுகள் உண்டாயின. கொழுப்பு வெறுமனே சுவரில் ஒட்டிக்கொள்வதன்று என்பதும், வெண்குருதிக் கலங்கள் சுவரினுட் புகுந்து கொழுப்பை விழுங்கி நுரைபோலப் பொங்கி நிற்பதும் பின்னர்த் தெளிவாயின. அஃதாவது, அடுப்பங்கரை நீர்க்குழாயில் எண்ணெய்க் கசடு படிவது போன்றதன்று இது. உயிருள்ள சுவரினுள்ளே நிகழும் ஓர் அழற்சி. காயம் ஒன்று சிவந்து வீங்குவதற்கு எக்கலங்கள் காரணமோ அவற்றின் இனத்தைச் சேர்ந்தவையே இங்கும் தொழிற்படுகின்றன.

கழுத்து நாடி கிளைக்கும் இடத்தை இப்படிவு ஏன் நாடுகிறது? ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நடுநீர் விரைந்தோட, கரையோரத்து நீர் சுழன்று தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கேதான் மணலும் சருகும் ஒதுங்கும். நாடி கிளைக்கும் இடத்திலும் வெளிச்சுவரோரத்திற் குருதி தயங்கிச் சுழல்கிறது. விரைந்தோடும் குருதியின் உராய்வு உட்சுவர்க் கலங்களுக்கு நலஞ் செய்வது. அது குறைந்த இடத்திற் கொழுப்பு உட்புகுதல் எளிதாகிறது.

அளவுகோலின் ஆட்சி

1951இல் கனடா நாட்டு மொன்றியல் நகரத்து வைத்தியர் மில்லர் பிஷர், பாரிசவாத நோயாளர் பலருக்குக் கழுத்து நாடியே அடைபட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். பாரிசவாதம் வருமுன் அவர்களுட் சிலருக்கு ஒரு கண்ணின் பார்வை சில நிமிடம் மறைந்து மீண்டதையும், கை சிறிது நேரம் மரத்துத் தேறியதையும் அவர் குறித்து வைத்தார்.

வழி அடைபட்டது எனின் அதனைத் திறக்கலாமன்றோ? 1953இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் சத்திரவைத்தியர் டெபேக்கி, 53 வயதான ஒரு பஸ் சாரதியின் கழுத்து நாடியைத் திறந்து படிவை அகற்றினார். அந்நோயாளி அதன்பின் 19 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் இலண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையில், திரும்பத் திரும்பத் தற்காலிகத் தாக்குதலுக்கு ஆளான ஒரு மாதுக்கு, உடலைக் குளிரச் செய்து, நாடியின் நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி முனைகளைப் பொருத்தினர். தாக்குதல்கள் நின்றன. இச்செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனால் யாருக்கு இச்சிகிச்சை தகும்? இதனை அறிய அடைப்பை அளக்கும் முறைகள் எழுந்தன. 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு வருமாறு: முன்னரே எச்சரிக்கைத் தாக்குதல் கண்டு, நாடி 70 பங்குக்கு மேல் ஒடுங்கியவர்களில், மருந்து மட்டும் பெற்ற 100 பேருக்கு 26 பேர் வீதம் இரண்டாண்டுக்குள் அப்பக்கத்துப் பாரிசவாதத்தை அடைந்தனர், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 9 பேரே அடைந்தனர். இஃது ஐயத்துக்கிடமற்ற நன்மை.

எவ்வித அறிகுறியும் காணாதவர்களின் நிலை வேறு. நாடி 60 பங்குக்கு மேல் ஒடுங்கியும் நலமாயிருந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 1995இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் காலத்துக்குக் கணித்தபோது, சத்திரசிகிச்சை பெறாத 100 பேரில் 11 பேருக்கும், பெற்றவர்களில் 5 பேருக்கும் தீங்கு நேரும் எனக் கண்டனர். அதாவது, சிகிச்சை பெறாதவர்களில் 89 பேருக்கு அப்பக்கத்துப் பாரிசவாதம் வரவில்லை. அதற்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கொலஸ்தரோலைக் குறைக்கும் ஸ்டாற்றின் மருந்துகள் பரவியமையால் அந்த 11 என்னும் தொகையும் குறைந்துள்ளது. ஆகவே எஞ்சிய சிலரை முன்கூட்டியே இனங்காண்பது எவ்வாறு என்பதே இன்றைய பெரிய வினா. அளவுகோல் ஒன்றினால் மட்டும் அது முடிவதாக இல்லை.

அளவுகோலிலும் இரண்டு சிக்கல்கள் உள. முதலாவது, ஒடுக்கத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் வேறுபட்டனர். ஒரே நாடி அமெரிக்க முறையில் 50 பங்கு ஒடுங்கியது என்றால், ஐரோப்பிய முறையில் அது ஏறக்குறைய 70 பங்கு ஆகும். இரண்டாவது சிக்கல் மேலும் நுட்பமானது. சிக்காகோவைச் சேர்ந்த கிளாகோவ் என்பவர் 1987இல் இருதய நாடிகளை ஆராய்ந்தபோது, படிவு வளர வளர நாடியும் வெளிப்புறமாக விரிந்து கொடுப்பதைக் கண்டார். சுவரெல்லைக்குட்பட்ட பரப்பில் ஏறத்தாழ 40 பங்கைப் படிவு பிடித்துக்கொள்ளும் வரையிற் குருதி செல்லும் துவாரம் ஒடுங்காமலே இருத்தல் கூடும். துவாரத்தை மட்டும் பார்ப்பவனுக்கு நோய் இல்லை. சுவரைப் பார்ப்பவனுக்கு நோய் முதிர்ந்திருக்கிறது.

மூடியை அரிக்கும் நொதியம்

கழுத்துப் படிவினால் விளையும் பாரிசவாதம் பெரும்பாலும் வழி முற்றாக அடைபடுவதால் நேர்வதன்று. படிவின் மேல் நாரினாலான ஒரு மூடி உண்டு. அம்மூடி கிழிந்தால் உள்ளிருக்கும் கூழ் குருதியோடு கலக்கிறது. அவ்விடத்திற் குருதி உறைந்து கட்டியாகிறது. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு விடுபட்டு மூளையின் சிறுநாடியிற் சென்று செருகுகிறது. ஆகவே, தடித்த மூடியுடைய பெரிய படிவிலும் மெல்லிய மூடியுடைய சிறிய படிவு கொடியதாதல் கூடும்.

மூடி மெலிவது எதனால்? இதற்கு விடை தந்த ஆராய்ச்சி ஒரு வாற்பேத்தையிலிருந்து தொடங்கியது என்றால் மாணாக்கர் வியப்படைவர். தவளையாக மாறும்போது வாற்பேத்தையின் வால் எங்கே போகிறது? 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் குரோஸ், சார்ல்ஸ் லாப்பியர் என்னும் இருவரும், அவ்வாலிலுள்ள இழையம் ஒரு நொதியத்தைச் சுரந்து கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் கரைப்பதைக் கண்டனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதியங்கள் மனிதரின் நாடிப் படிவுகளிலும், மூடி பலவீனமான இடங்களில் மிகுந்திருப்பதை 1994இல் பொஸ்ரன் நகரத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். தவளைக்கு வாலைக் களைந்து வாழ்வளிக்கும் தொழில், நமது நாடியில் மூடியை அரித்து ஆபத்தை விளைவிக்கிறது.

இத்தகைய பொருள்களையே மூலக்கூற்று அடையாளங்கள் என்கின்றனர். மூடியை அரிக்கும் நொதியங்கள் ஒருவகை. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மற்றொரு வகை. எலும்பு உருவாவதோடு தொடர்புடைய புரதங்கள் மூன்றாம் வகை. நாடியில் எலும்புப் புரதத்துக்கு என்ன வேலை என வினவலாம். நாடிச் சுவரிற் கல்சியம் படிவது வெறும் உப்புப் படிதல் அன்று. எலும்பு வளரும் முறையைப் பெரிதும் ஒத்தது. அதைத் தடுக்கும் புரதம் ஒன்றும் நம்முடலில் உண்டு. அப்புரதமின்றிப் பிறக்கச் செய்யப்பட்ட எலிகள், நாடிகள் கல்லாக இறுகி இரண்டு மாதத்துக்குள் இறந்ததை 1997இல் அறிந்தனர். அப்புரதம் தன் தொழிலைச் செய்வதற்கு வைட்டமின் கே இன்றியமையாதது.

ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ற் நகரில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. சத்திரசிகிச்சையின்போது கழுத்திலிருந்து எடுக்கப்படும் படிவுகளை வீசிவிடாமற் சேமித்து வைத்து, அந்நோயாளர் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையும் குறித்து வந்தனர். எலும்பு சார்ந்த ஒஸ்டியோபொன்டின் என்னும் புரதம் எவருடைய படிவில் மிகுந்திருந்ததோ, அவருக்கு இருதயத்திலோ பிற நாடிகளிலோ பின்னர்த் தீங்கு நேர்வது மிகுதி என 2010இல் அறிவித்தனர். கழுத்திலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டு முழு உடலின் நாடிகளைப் பற்றியும் சான்று பகர்ந்தது.

நாடிச் சுவரின் விறைப்பு

இதுவரை படிவைப் பற்றிப் பேசினோம். படிவு அமர்ந்திருக்கும் சுவரின் தன்மையையும் பார்த்தல் வேண்டும். 1733இல் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஒரு பெண்குதிரையின் தொடை நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்திய செய்தியை நூலாக வெளியிட்டார். குருதி 8 அடி 3 அங்குல உயரம் ஏறியது. குருதியமுக்கத்தை அளந்த முதல் வரலாறு அது. இருதயம் விட்டுவிட்டுக் குருதியைத் தள்ள, அது சிறு குழாய்களில் ஒரே சீராக ஓடுவது எவ்வாறு என்பதையும் அவர் ஆராய்ந்தார். அக்காலத்துத் தீயணைக்கும் இயந்திரங்களில் ஒரு காற்றறை இருக்கும். பம்பு விட்டுவிட்டு அடித்தாலும் காற்றறை அவ்வதிர்ச்சியை வாங்கி நீரைச் சீராக வெளியேற்றும். மீள்தன்மையுள்ள பெருநாடி அத்தகைய ஒரு காற்றறை என்றார் ஹேல்ஸ்.

இம்மீள்தன்மையைத் தருவது எலாஸ்டின் என்னும் புரதம். அது பெரும்பாலும் தாயின் கருவிலும் இளமைப் பருவத்திலுமே உண்டாகிறது. அதன்பின் புதிதாக உண்டாவது மிகச் சிறிது. நமது இருதயம் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் தடவை துடிக்கிறது. 70 ஆண்டு வாழ்வில் இஃது ஏறக்குறைய 250 கோடி தடவையாகும். ஒவ்வொரு துடிப்பிலும் அதே எலாஸ்டின் இழைகள் விரிந்து சுருங்குகின்றன. நாட்பட்ட இறப்பர் நாடாவைப்போல அவை மெல்ல நைந்துபோக, விறைப்பான கொலாஜன் இழைகள் பாரத்தைத் தாங்கவேண்டியதாகின்றன. நீரிழிவுடையோரிடத்துக் குருதியிலுள்ள சீனி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து மேலும் விறைப்பாக்குகிறது.

இவ்விறைப்பை அளக்கும் முறை பௌதிகம் பயிலும் மாணாக்கருக்கு இனிமை தரும். இருதயம் துடிக்கும்போது நாடிச் சுவர் வழியே ஓர் அலை ஓடுகிறது. அது குருதியின் ஓட்டத்திலும் மிக விரைவானது. சுவர் விறைப்பாக ஆக அலையின் வேகமும் கூடும். 1878இல் ஒல்லாந்தரான மோயென்ஸ், கோர்ட்டவெக் ஆகிய இருவரும் இதற்குரிய கணித விதியைத் தந்தனர். சுவரின் விறைப்பு நான்கு மடங்கானால் அலையின் வேகம் இரு மடங்காகும் என்பது அதன் சாரம். இன்று கழுத்தில் ஒரு கருவியும் தொடையடியில் ஒரு கருவியும் வைத்து, அலை ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய எடுக்கும் நேரத்தை அளக்கின்றனர். நலமுள்ள இளைஞரிடத்து அவ்வேகம் செக்கனுக்கு 6 மீற்றர் அளவினது. 10 மீற்றருக்கு மேற்படின் விறைப்பு மிகுந்தது என ஐரோப்பிய அறிஞர் 2012இல் வரையறுத்தனர்.

இவ்வாறு அளந்து பார்த்த ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகர ஆராய்ச்சியில், அறுபது வயது கடந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடையே, நாடி விறைத்தவர்களுக்குக் கழுத்துப் படிவும் மிகுந்திருந்தமை 2001இல் வெளியாயிற்று. எது முந்தியது, எது பிந்தியது என்பதை இத்தகைய கணக்கெடுப்பு உரைப்பதில்லை. ஒன்று மற்றொன்றை வளர்ப்பதற்கு வழியுண்டு என்பது தெளிவு. காற்றறை பழுதானால் ஒவ்வொரு துடிப்பும் சம்மட்டி அடிபோலக் கழுத்திலும் மூளையிலும் போய் மோதும். மெல்லிய மூடியுடைய படிவுக்கு அது நல்லதன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சுவர் விறைத்தல் தீது. ஆனால் கழுத்துப் படிவு முழுதும் கல்லாக இறுகியிருத்தல், மென்மையான கூழ் நிறைந்திருத்தலிலும் பெரும்பாலும் ஆபத்துக் குறைந்தது. மூடியினுள்ளே பொடிப்பொடியாகத் தூவியதுபோற் கல்சியம் கிடப்பதே கெடுதி. மூடி அவ்விடங்களிற் கிழிதல் எளிது. ஆகவே கல்சியம் உண்டு என்ற செய்தி மட்டும் போதாது. அது எங்கே, எவ்வாறு உண்டு என்று கேட்டல் வேண்டும்.

புகையும் நெருப்பும்

அப்படியானால் ஒரு துளி குருதியை எடுத்து இவ்வடையாளங்களை அளந்து, ஆபத்துள்ளவரைத் தெரிந்துவிடலாமே என்று தோன்றும். விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். அவர்கள் கற்ற பாடம் நாமும் கற்கத்தக்கது.

1930இல் நியூயோர்க் ரொக்பெல்லர் நிலையத்தில், நியூமோனியா நோயாளரின் குருதியில் ஒரு புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. உடலில் அழற்சி ஏற்படும்போதெல்லாம் அது பெருகும். நாடி நோய் வரக்கூடியவர்களிடத்தும் அது சிறிதளவு மிகுந்திருப்பது பின்னர்த் தெரிந்தது. அப்புரதமே நோயை உண்டாக்குகிறது எனச் சிலர் கருதினர். ஆனால் பிறப்பிலேயே அப்புரதம் மிகுதியாகச் சுரக்கும் பரம்பரையலகுகளை உடையோரைப் பரிசீலித்தபோது, அவர்களுக்கு இருதய நோய் மிகுந்திருக்கவில்லை என 2011இல் உறுதியாயிற்று. அப்புரதம் புகை, நெருப்பு வேறிடத்தில் இருந்தது.

இன்னொரு நொதியமும் நல்ல அடையாளமாகத் தோன்றியது. அதனைத் தடுக்கும் மருந்தை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்து நடத்திய இரு பெரும் ஆராய்ச்சிகள் 2014இல் முடிந்தன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அங்கும் புகையை விரட்டினரேயன்றி நெருப்பு அணையவில்லை.

இதற்கு மாறான செய்தி 2017இல் வந்தது. அழற்சிச் சங்கிலியின் மேற்கண்ணி ஒன்றைத் தடுக்கும் மருந்தை, முன்னர் இருதயத் தாக்குதல் கண்ட பதினாயிரம் பேரிடத்துச் சோதித்தபோது, கொலஸ்தரோல் மாறாதிருந்தும் மீண்டும் தீங்கு நேர்தல் நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. அழற்சி உண்மையான நெருப்பே என்பது தெளிவாயிற்று. ஆனால் அம்மருந்து பெற்றோரிடையே உயிர்கொல்லும் தொற்றுக்கள் கூடின. நாடியைச் சுடும் நெருப்பே நோய்க்கிருமிகளையும் சுடுகிறது என்பதை மறத்தலாகாது.

ஆகவே மூலக்கூற்று அடையாளங்கள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியாளரின் கருவிகளே. அவற்றை அளந்து பார்த்து மட்டும் ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவதோ, அஞ்சாதே என்று வீட்டுக்கு அனுப்புவதோ இன்று இயலாது.

இல்லத்தார் அறியவேண்டுவன

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். மாமாவின் ஆறுதல் முழுதும் சரியன்று. 60 பங்கு திறந்திருத்தல் நலத்துக்குப் பிணையாகாது. நாடிச் சுவரில் நோய் உண்டு என்பதற்கு 40 பங்கு அடைப்பே சான்று. அம்மாவின் கவலையும் முழுதும் சரியன்று. அறிகுறி ஏதும் காணாதவருக்கு அந்த அளவு ஒடுக்கத்திற் கத்தியை நாடுவதால் நன்மை உண்டென்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அம்மாத்திரைகள் அற்பமானவை அல்ல. நோய் குடிகொண்ட சுவரை அமைதிப்படுத்துவதே அவற்றின் வேலை. அவற்றை நாள் தவறாது உட்கொள்ளச் செய்தல் இல்லத்தாரின் கடமை.

குருதியமுக்கம் பற்றி ஒரு வார்த்தை. முதுமையில் மேல் எண் மட்டும் உயர்ந்து கீழ் எண் உயராதிருத்தல் பெரும்பாலும் நாடி விறைத்ததன் விளைவு. வயது போனால் அப்படித்தான் என்று அதனை விட்டுவிடும் வழக்கம் முன்பு வைத்தியரிடையேயும் இருந்தது. 60 வயது கடந்த அத்தகையோர் 4,736 பேரிடத்து நடந்த அமெரிக்க ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. மலிவான மாத்திரைகளால் அவ்வெண்ணைக் குறைத்தபோது பாரிசவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. விறைத்த நாடியை இளமைக்கு மீட்க இயலாவிடினும், அதன் மீது விழும் அடியைத் தணிக்கலாம் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ? உப்பைக் குறைத்தல், புகையிலையை ஒழித்தல், நாள்தோறும் நடத்தல், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியனவும் அந்நோக்கத்துக்கே உதவுவன.

எல்லாவற்றிலும் முதன்மையானது எச்சரிக்கையை இனங்காணல். ஒரு கண்ணுக்கு முன்னால் திரை விழுந்தாற்போலப் பார்வை மறைந்து மீளுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியன சில நிமிடங்களில் மாறிவிட்டாலும், மாறிவிட்டதே என்று மகிழ்ந்து படுத்துறங்குதல் பெருந்தவறு. 2007இல் ஒக்ஸ்போர்ட் நகரத்து ஆராய்ச்சியொன்று, அத்தகையோருக்கு நாட்கடத்தாது உடனே சிகிச்சை தொடங்கியபோது, 90 நாளுக்குள் பாரிசவாதம் அடைந்தோர் தொகை நூற்றுக்கு 10இலிருந்து 2 ஆகக் குறைந்ததைக் காட்டியது. அறிகுறி மாறாது நின்றாலோ, உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்துக்குரிய காலம் நாலரை மணி நேரமே. எண்ணெய் தடவுவதிலும் அயலாரைக் கலந்தாலோசிப்பதிலும் அந்நேரத்தைப் போக்கலாகாது. நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். இவ்விலக்கத்தை வீட்டிலுள்ள சிறுவரும் மனப்பாடம் செய்து வைத்திருத்தல் நன்று.

கழுத்தைப் பரிசோதித்து வந்த முதியவர் வீட்டிலிருந்தால், எத்தனை பங்கு அடைப்பு என்பதோடு நின்றுவிடாமல், படிவு எத்தன்மையது, அறிகுறி ஏதும் உண்டா, அமுக்கம் எவ்வளவு என்பவற்றையும் வைத்தியரிடம் வினவுங்கள். வினவுவதை வைத்தியர் குறையாகக் கொள்ளார்.

குருதியமுக்கத்தின் மேல் எண், கீழ் எண் என்றோம். கையிற் கட்டும் பட்டியைக் கொண்டு அவ்விரண்டையும் அளக்கும் முறை எவ்வாறு தோன்றியது என்பதை அடுத்த வாரம் கூறுவோம்.